ஓடைக்கருப்பு 123

செல்லப்பாண்டி மேஜையில் தலை சாய்த்துத் தூங்குவது அந்த ஆபீசுக்குப் புதிதல்ல.

கண்களைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குவதுதான் புதிது!

"அண்ணே... சின்னமனூர் சாம்பிள் வந்துருச்சு. கையெழுத்துப் போடுங்கண்ணே..." மாரிசெல்வம் அவர் தோளைத் தொட்டான்.

தோள் சரிந்தது. நாற்காலி சரிந்தது. செல்லப்பாண்டியும் சரிந்தார்.

வாயோரம் நுரை...

"ஆத்தாடீ...!"

அந்த அலறலில் மாடி முழுவதும் ஓடி வந்தது. சுவர்க் கடிகாரம் ஒன்று ஐம்பது காட்டியது.

தேனியில், பெரியகுளம் சாலையில், மாடியில் இயங்குகிறது முல்லை ஆய்வுக்கூடம். குடிநீர், மண், திராட்சை, ஏலக்காய்... எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அதில் என்ன விஷம், எவ்வளவு விஷம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

இன்று விஷம் வெளியிலிருந்து வரவில்லை!

இன்ஸ்பெக்டர் ஜக்கம்மா இரண்டு பத்துக்கு வந்து சேர்ந்தார். ஐம்பது வயது. காக்கிச் சட்டைக்கு மேலே ஒற்றைக்கல் மூக்குத்தி.

"இருக்குற எடத்துலயே இருங்க. ஒருத்தரும் எதையும் தொடக் கூடாது. பால்பாண்டி, கதவைச் சாத்து!"

"சாத்திட்டேன் மேடம்!" எஸ்.ஐ. பால்பாண்டியின் குரல் வெளியே கேட்டது.

"உள்ள வந்துட்டுச் சாத்துய்யா!"

யாரும் சிரிக்கவில்லை. அழக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஜக்கம்மா குனிந்து பிணத்தைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். சோற்று டப்பா பாதி காலி. பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர். 'செ.பா.' என்று அதில் பெயர் வெட்டியிருந்தது.

"இதுல என்ன குடிச்சாரு?"

"மோர் மேடம்." சொன்னவர் ராஜபாண்டி. ஆய்வுக்கூடத்தின் முதலாளி. வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. "தெனம் மத்தியானம் மாரிசெல்வம் ஒரு வாளி வாங்கியாருவான். எல்லாருந்தான் குடிப்போம்."

"இன்னைக்கும் குடிச்சீகளா?"

"குடிச்சோம்."

"உசுரோடதான் இருக்கீக. அப்ப வாளியில ஒண்ணுமில்ல. டம்ளர்லதான் ஆரோ முன்னாடியே ஊத்தி வெச்சிருக்காக. ஆளுக்கு ஒரு டம்ளரா?"

"ஆமா மேடம். பேரு வெட்டி, அந்தா அந்த அலமாரியில அடுக்கி வெச்சிருக்கும். யாரு வேணாலும் எடுக்கலாம்."

"சாகுறவரு தேடி அலையக் கூடாதுன்னு பேரும் வெட்டி வெச்சிருக்கீக. சரி. இவருக்கும் யாருக்கும் தகராறு உண்டா?"

ராஜபாண்டி தயங்கினார். பிறகு கையை நீட்டினார்.

விரல் போய் நின்ற இடத்தில் ஒரு பெண் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை. தோளில் லேப்டாப் பை.

நதியா!

அவள் இந்த ஆபீஸ் ஆள் இல்லை. பெரியகுளத்துப் பெண். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. இங்கே ஆளாளுக்கு ஒரு கம்ப்யூட்டர். அதில் அவரவர் ஃபைல். அத்தனையையும் எடுத்து ஒரே சர்வரில் சேர்ப்பது அவளுக்குக் கொடுத்திருந்த வேலை. இன்று காலை ஆரம்பித்தாள். பன்னிரண்டரைக்கு முடித்துவிட்டாள்.

மிச்சமிருந்த ஒயர் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள்.

"காலையில செல்லப்பாண்டி இந்தப் பொண்ண ஏசுனாரு மேடம்" என்றார் ராஜபாண்டி. "'என் கம்ப்யூட்டரத் தொட்டா கையை ஒடிச்சிருவேன்'னு. பயங்கரச் சத்தம்."

"கம்ப்யூட்டர் மேல அம்புட்டுப் பாசமா?"

"பாசமா!" மாரிசெல்வம் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "தெனம் சாயங்காலம் மௌஸைக் கழட்டி டிபன் பையில போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போற மனுசன் மேடம். அடுத்தவக அவரு எடத்துல உக்காந்துரக் கூடாதாம்."

ஜக்கம்மா நதியாவின் பக்கம் திரும்பினார்.

"அப்பறம் எப்பிடிம்மா விட்டாரு?"

"எம்.டி. சார் சத்தம் போட்டாக. வேற வழி இல்லாம விட்டாரு." நதியா பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். "'அண்ணே, ஃபைலெல்லாம் சர்வருக்குப் போனாலும் உங்க பாஸ்வேர்டு போட்டாத்தான் தெறக்கும், சாமியே வந்தாலும் தெறக்க முடியாது'ன்னு சொல்லித்தான் சமாதானம் பண்ணேன். மேடம்... நான் ஒண்ணு சொல்லணும். சொன்னா நான்தான் மாட்டுவேன். இருந்தாலும் சொல்றேன்."

"சொல்லு."

"யாரு, எப்ப, எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து, எந்த ஃபைலைத் தெறந்தாலும் சர்வர் எழுதி வெச்சுக்கும். பன்னெண்டு நாப்பத்தெட்டுக்கு செல்லப்பாண்டி அண்ணன் ஃபோல்டரை யாரோ தெறந்திருக்காக. சாம்பிள் ரூம் கம்ப்யூட்டர்ல இருந்து. அது பொதுக் கம்ப்யூட்டர். பாஸ்வேர்டு மொதத் தடவையே சரியா விழுந்திருக்கு!"

"அவரே தெறந்திருக்கலாமே?"

"இல்ல மேடம்" என்றார் ராஜபாண்டி. "பன்னெண்டரையில இருந்து ஒண்ணே கால் வரைக்கும் அவரு என் ரூம்ல, என் முன்னாடிதான் உக்காந்திருந்தாரு."

"அப்ப அவரு பாஸ்வேர்டு வேற ஆருக்குத் தெரியும்?"

பதில் நதியாவிடமிருந்து வந்தது.

"எனக்கு மட்டுந்தான் மேடம். நான்தான் ஒவ்வொருத்தருக்கும் போட்டுக் குடுத்தேன்."

"பன்னெண்டு நாப்பத்தெட்டுக்கு நீ எங்கன இருந்த?"

"தனியா... ஒயர் மாட்டிக்கிட்டு..."

பால்பாண்டி நோட்டில் எழுதினார். அழுத்தி எழுதினார்.

"அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன்" என்றார் ஜக்கம்மா. "வேற ஆளு தெரியலைன்னா நீ ஸ்டேசனுக்கு வரணும். உள்ளதச் சொன்னதுக்காக விட்டுர முடியாதும்மா."

அப்போது நதியாவின் போன் அடித்தது. வீட்டு நம்பர்.

போனுக்குள்ளே ஒரு குழந்தை வீறிட்டது!

"ஏத்தா, எங்கிட்டு இருக்க?" அம்மா ராமுத்தாயின் குரல். "மூணு மணிக்கு வந்துருவேன்னியே. புட்டிப்பாலத் துப்புது இந்தப் புள்ள. மொகமெல்லாம் செவந்துருச்சுடீ..."

ஏழு மாதக் குழந்தை. தாய்ப்பாலைத் தவிர எதையும் சீண்டாது. நதியா துப்பட்டாவை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள். குழந்தையின் குரல் கேட்ட உடனே பால் சுரந்து சட்டை நனைந்துவிட்டது. பிள்ளை பெற்றவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும்.

"மேடம்..." ஓரத்திலிருந்து ஒரு மெல்லிய குரல். வரவேற்பு மேஜை மகாலட்சுமி. முப்பத்தைந்து வயதிருக்கும். அதிர்ந்து பேசாதவள். ஒன்பது மாதமாக இங்கே வேலை. "பாவம், புள்ளைக்காரி. பால் கட்டிக்கிட்டா காச்சல் வந்துரும். ஒரு எட்டுப் போயிட்டு வரட்டுமே..."

"கொலை நடந்த எடத்துல இருந்து நான் யாரையும் எட்டு வெக்க விட மாட்டேன் தாயி."

மகாலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

நதியா போனில் சொன்னாள்: "அம்மா... புள்ளையத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறி இங்கன வந்துரு..."

மணி மூன்றே கால். கெமிஸ்ட் திரிஷா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தாள். டம்ளரில் ஒட்டியிருந்த மோரை ஜக்கம்மா அவளிடம்தான் கொடுத்திருந்தார்.

"பாத்துட்டேன் மேடம். பூச்சிமருந்து. திராட்சைத் தோட்டத்துல அடிக்கிற ரகம். நம்ம மருந்து அலமாரியில இருந்த பாட்டில் பாதி காலி."

"அலமாரிச் சாவி?"

"அலமாரியிலதான் தொங்கும்..."

"நல்லா நடத்துறீகய்யா லேப்பு!"

ஜக்கம்மா வாசலுக்குப் போய், பிணத்தைப் பார்க்க வந்த டாக்டரோடு பேச ஆரம்பித்தார். அந்த இரண்டு நிமிடத்தில்...

ராஜபாண்டி நதியாவை சர்வர் அறைக்குள் இழுத்தார். ஏ.சி. உறுமும் சின்ன அறை. குரலைத் தாழ்த்தினார்.

"இந்தாம்மா. செல்லப்பாண்டி ஃபோல்டரைப் பூராம் அழிச்சிரு. இப்பவே."

"சார்...?"

"போலீசு இன்னும் படிக்கல. அழிச்சிட்டு, ஏதோ மிஷின் கோளாறு, ஃபோல்டர் தெறந்ததா சும்மா காட்டுதுன்னு சொல்லிரு. நானும் ஆமான்னு சொல்றேன். அரை மணி நேரத்துல நீ உம் புள்ளைகிட்ட இருக்கலாம்."

நதியாவின் விரல் விசைப்பலகை மேல் நின்றது.

ஒரே ஒரு தட்டு... போதும்!

வெளியே போகலாம். பஸ் ஸ்டாண்டிலேயே குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம்.

அவள் விரல் இறங்கியது... ஆனால் அழிக்கவில்லை. பன்னிரண்டு நாற்பத்தெட்டுக்கு யாரோ திறந்த அந்த ஃபைலைத் திறந்தது!

"ஏய்! என்ன பண்ற?"

"மேடம்!" நதியா கத்தினாள். "இங்கன வாங்க மேடம்!"

ஜக்கம்மா நுழைந்தபோது ராஜபாண்டியின் முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"சார் இதை அழிக்கச் சொன்னாக மேடம்."

"ஆபீஸ் மானம் போயிரக் கூடாதேன்னு..." ராஜபாண்டி இழுத்தார். "வேற ஒண்ணுமில்ல..."

"மானத்த அப்பறம் தேடலாம். தள்ளி நில்லுங்க."

திரையில் இரண்டு ரிப்போர்ட்டுகள். இரண்டும் ஒரே தேதி. இரண்டும் ஒத்தவேப்பங்குளம் என்ற கிராமத்தின் குடிநீர்.

முதல் ரிப்போர்ட்: பூச்சிமருந்து கலந்துள்ளது. குடிக்கத் தகுதியற்றது.

இரண்டாவது ரிப்போர்ட்: குடிக்க ஏற்றது!

இரண்டிலும் கையெழுத்து செல்லப்பாண்டி. ஊருக்குப் போனது இரண்டாவது. அதாவது பொய்!

"அந்த ஊருல ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கு மேடம்" என்றாள் எட்டிப் பார்த்த திரிஷா. "மருந்து டிரம்மை போர்வெல் பக்கத்துலயே கழுவுறாகன்னு அப்பவே பேச்சு. டம்ளர்ல இருந்த மருந்தும் இதேதான்!"

"அதே மருந்து..." ஜக்கம்மா முணுமுணுத்தார். "இந்த ஃபைலைத் தெறந்தவுக என்ன செஞ்சிருக்காக?"

நதியா சர்வரின் குறிப்பைப் பார்த்தாள். "பன்னெண்டு அம்பத்தாறுக்கு ஒரு பிரிண்ட் எடுத்திருக்காக. ஃபைலை அழிக்கல."

"மறைக்க நெனைக்கிறவன் பிரிண்ட் எடுக்க மாட்டான். அப்ப இது வேற ஆளு... ஏம்மா, அந்தப் பாஸ்வேர்டுதான் என்ன?"

"ஓடைக்கருப்பு. பின்னால ஒண்ணு ரெண்டு மூணு. மறந்துருவாகளேன்னு எல்லாருக்குமே நான்தான் ஒண்ணு ரெண்டு மூணு போடச் சொன்னேன். மறக்காத பேரு ஒண்ணு சொல்லுங்கன்னு கேட்டா எம்.டி. சாரும் செல்லப்பாண்டி அண்ணனும் குலசாமி பேரைத்தான் சொன்னாக."

ஜக்கம்மாவின் மூக்குத்தி பளிச்சிட்டது.

"அப்ப அவரு குலசாமி தெரிஞ்சா போதும். ஃபோல்டர் தெறந்துரும்! ஓடைக்கருப்பு... ஊரு பூராம் கும்பிடுற சாமி இல்லையே. அந்த வகையறாதான் கும்பிடும். பால்பாண்டி! இந்த ஆபீஸ்ல ஒருத்தர் விடாம குலசாமி கேட்டு எழுது!"

"சாமி கணக்கெடுப்பு எல்லாம் எங்கிட்டயா மேடம்..." பால்பாண்டி நோட்டைப் புரட்டினார்.

பத்தே நிமிடம். பட்டியல் வந்தது.

ராஜபாண்டி – அய்யனார். திரிஷா – காமாட்சி. மகாலட்சுமி – அங்காள ஈஸ்வரி.

மாரிசெல்வம் – ஓடைக்கருப்பு!

"ஏலே, வாடா இங்கன!" பால்பாண்டி அவன் சட்டையைப் பிடித்தார். "நீயும் அவரும் பங்காளியா?"

"ஆமா சார்... மாசி சிவராத்திரிக்கு ஒரே கோயிலுக்குத்தான் போவோம். அதுக்காக? அண்ணனை நான் கொல்லுவேனா சார்?"

"மோர் வாங்கிட்டு வந்தவனும் நீதான். சாம்பிள் ரூம் கம்ப்யூட்டர்ல அதிகம் உக்காருறவனும் நீதான்!"

"பன்னெண்டு நாப்பத்தெட்டுக்கு நான் சின்னமனூர்ல தண்ணி புடிச்சிக்கிட்டு இருந்தேன் சார்!" மாரிசெல்வம் போனை நீட்டினான். ஒரு குழாயடிப் படம். பாட்டிலோடு அவன். பக்கத்தில் ஊராட்சி எழுத்தர். நேரம் பன்னிரண்டு ஐம்பது. "சாம்பிள் எடுக்கும்போது போட்டோ எடுக்கணும்ங்கிறது ரூல் சார். ஒண்ணரைக்குத்தான் ஆபீசுக்கே வந்தேன். அந்த ஆளுக்குப் போன் போட்டுக் கேளுங்க!"

கேட்டார்கள். உண்மைதான்.

மாரிசெல்வத்தின் சட்டை விடுதலையானது. எல்லோருடைய கண்ணும் மீண்டும் நதியா மேல் போய் நின்றது.

மணி நாலரை. பால்பாண்டி கீழே போய் ஒரு கூஜா டீ வாங்கி வந்தார். மகாலட்சுமி அமைதியாக எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். நதியா வாங்கவில்லை. அவள் மார்பு கல்லாகக் கனத்து வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாலு நாற்பதுக்கு மாடிப்படியில் அந்தச் சத்தம் கேட்டது.

குழந்தையின் அழுகை!

ராமுத்தாய் மூச்சு வாங்க வாசலில் நின்றாள். தோளில் குழந்தை. அழுது அழுது குரல் கம்மிவிட்டது.

"எம் மக என்ன செஞ்சா? கொலைகாரியாய்யா அவ? பச்ச மண்ணு பசியில கெடக்கு, உள்ள விடுங்கய்யா!"

"ஆத்தா, சத்தம் போடாத!" பால்பாண்டி குறுக்கே நின்றார்.

மகாலட்சுமியின் கையில் இருந்த கூஜா ஆடியது. டீ தரையில் சிந்தியது.

ஜக்கம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "புள்ளையக் குடு அவகிட்ட. பால் குடுத்து முடிக்கட்டும். அப்பறம் கிளம்பலாம்."

நதியா ஓடிப்போய்க் குழந்தையை வாங்கினாள். சர்வர் அறையின் மூலையில் திரும்பி உட்கார்ந்தாள். அழுகை நின்றது. அந்த நிசப்தம் அழுகையைவிடக் கொடுமையாக இருந்தது.

ஒரு கை குழந்தையைத் தாங்கியது. மற்றொரு கை, வேறு எதுவும் செய்யத் தோன்றாமல், திரையில் இருந்த ஃபைலை நகர்த்தியது. இரண்டு ரிப்போர்ட்டுகளையும் தாண்டி...

மூன்றாவது ஒரு பக்கம்!

யாரும் அதுவரை பார்க்காத பக்கம். கையால் எழுதி, ஸ்கேன் செய்து சேர்த்த ஒரு மனு.

'ஐயா, தாங்கள் கொடுத்த ரிப்போர்ட்டை நம்பி அந்தத் தண்ணீரைக் குடித்த என் மகன் மகிழன், வயது ஏழு, இறந்துவிட்டான். தண்ணீரை மறுபடியும் பரிசோதிக்க வேண்டுகிறேன். இப்படிக்கு, வீரணன், ஒத்தவேப்பங்குளம்.'

மனுவின் ஓரத்தில் சிவப்பு மை. செல்லப்பாண்டியின் கையெழுத்து.

'பதில் தேவையில்லை. ஃபைல் செய்க.'

நதியா அந்தப் பெயரை மறுபடி படித்தாள். மகிழன்...! அந்தப் பெயரை இன்று காலை அவளே டைப் செய்திருந்தாள். பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று சேர்த்து!

ஒரு பாஸ்வேர்டாக!

"மேடம்..." அவள் குரல் காற்றாக வந்தது. "மேடம், இங்கன கொஞ்சம் வாங்க..."

ஜக்கம்மா குனிந்து படித்தார். நதியா அவர் காதில் இரண்டே வார்த்தை சொன்னாள்.

"ஆனா மேடம்... அவுக சாமி அங்காள ஈஸ்வரின்னு எழுதிருக்கே. ஓடைக்கருப்பு எப்பிடித் தெரியும்?"

ஜக்கம்மா நிமிர்ந்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"பால்பாண்டி... நீ ஆம்பளைங்கிறத காட்டிட்டய்யா! ஆளுக்கு ஒரு சாமி எழுதிருக்க. கட்டிக்குடுத்த பொம்பளைக்கு ரெண்டு சாமிய்யா! எனக்கே ரெண்டு இருக்கு!"

நேராக மகாலட்சுமியின் முன்னால் போய் நின்றார். குரல் மட்டும் இளகியிருந்தது.

"தாயி... அங்காள ஈஸ்வரி கட்டுன வீட்டு சாமி. பொறந்த வீட்டு சாமி எது?"

மகாலட்சுமி கூஜாவைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"ஓடைக்கருப்பு."

திரிஷா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மகிழன் ஒம் மகனா?"

"ஆமா. மனுவுல அவுக அப்பா பேருதான் இருக்கும். அம்மா பேரை எவரு கேட்டாக? அதான் இந்த ஆபீஸ்ல நான் வேலைக்குச் சேந்தப்பக்கூட ஒருத்தருக்கும் தெரியல."

அவள் அழவில்லை. அழுது முடித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"தண்ணி நாறுதுன்னு ஊருல எல்லாரும் சொன்னாக மேடம். அப்பறம் ரிப்போர்ட் வந்துச்சு. நல்ல தண்ணின்னு. நானே ஒரு செம்பு மோந்து குடுத்தேன். 'குடிடா, படிச்சவக பாத்துச் சொல்லிட்டாக'ன்னு..."

ஜக்கம்மா அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இந்தச் செல்லப்பாண்டிய நான் எங்க கோயில்ல பாத்திருக்கேன். ஒரே சாமி கும்பிட்டா அண்ணன் தங்கச்சி. எம் மகனுக்கு அவரு தாய்மாமன் முறை. காது குத்துறப்ப மடியில வெக்க வேண்டிய ஆளு மேடம்!"

"காகிதம் கையில கெடைச்சதே. என்கிட்ட வந்திருக்கலாமே தாயி..."

"ரெண்டு பக்கம் படிச்சப்ப வரணும்னுதான் நெனைச்சேன். மூணாவது பக்கமும் வந்துச்சு. எம் புள்ள செத்ததுக்கு பதில் தேவையில்லைன்னு செவப்பு மையில எழுதிருந்தாரு... அப்பறம் எங்காலு வேற பக்கம் போயிருச்சு."

இடுப்பிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து ஜக்கம்மாவிடம் நீட்டினாள். பிறகு நதியாவைப் பார்த்தாள்.

"உன்னைய மாட்டி விடணும்னு நெனைக்கல தங்கச்சி. அஞ்சு மணிக்கு நானே சொல்லிருப்பேன்."

"அக்கா..." நதியாவின் கண் நிறைந்தது. "நான் இந்த சர்வர் வேலைக்கே வராம இருந்திருக்கலாம்..."

"வர வெச்சதே நான்தானே!"

ராஜபாண்டி நிமிர்ந்தார்.

"மௌஸைத் தூக்கிட்டுப் போற மனுசன். ஒம்பது மாசம் சுத்திச் சுத்திப் பாத்தேன், கிட்ட நெருங்க முடியல. அதான் சார்ட்ட சொன்னேன். 'ஒரு மிஷின் கெட்டா எல்லாம் போயிரும் சார், பூராத்தையும் ஒரு எடத்துல சேத்து வெப்போம்'னு. லெட்டர் டைப் பண்ணி அவுக கையெழுத்து வாங்கினதும் நான்தான்."

ராஜபாண்டிக்கு இப்போது தெம்பு வந்துவிட்டது. தொண்டையைக் கனைத்தார்.

"அடப்பாவமே... செல்லப்பாண்டி இப்பிடிப்பட்டவன்னு எனக்குத் தெரியாமப் போச்சே மேடம்! ரெண்டு ரிப்போர்ட்லயும் அவன் கையெழுத்து. செத்தவன் செஞ்ச தப்பு. எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல!"

சொன்னதில் ஓட்டை இல்லை. காகிதத்தில் எங்கேயும் ராஜபாண்டியின் பெயர் இல்லை. ஜக்கம்மா பல்லைக் கடித்தார்.

மகாலட்சுமி மெதுவாகத் திரும்பினாள்.

"சார்... டீ குடிச்சீகளா?"

"கு... குடிச்சேன். ஏன்?"

"முழுசாவா?"

எஸ்.ஐ. பால்பாண்டியின் கை அவரறியாமல் தொண்டைக்குப் போனது. அவர் இரண்டு கப் குடித்திருந்தார்!

"பயப்படாதீக சார்" என்றாள் மகாலட்சுமி பால்பாண்டியிடம். "எல்லாருக்கும் ஊத்துனது நல்ல டீதான். எம்.டி. சார் கப்பு மட்டுந்தான் தனி."

ராஜபாண்டி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். வயிற்றைப் பிடித்தார். கண் பிதுங்கியது.

"எரியுது... மேடம், எரியுது! ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க!"

"செத்தவரு செஞ்சதுக்கு உங்களுக்கு ஏன் சார் எரியுது?" மகாலட்சுமியின் குரல் ஏறவே இல்லை. "ரிப்போர்ட்ட மாத்தச் சொன்னது யாரு? அதச் சொல்லுங்க. என்ன மருந்து, எவ்வளவுன்னு டாக்டருக்கு நான் சொல்றேன்."

"நான்தான்! நான்தான் சொன்னேன்!" ராஜபாண்டி ஜக்கம்மாவின் காலடியில் விழுந்தார். "தோட்டக்காரரு கேட்டாரு... செல்லப்பாண்டி மாட்டேன்னான்... வேலைய விட்டுத் தூக்கிருவேன்னு மிரட்டி நான்தான் மாத்தச் சொன்னேன்! பையன் செத்ததும் எனக்குத் தெரியும்! காப்பாத்துங்க மேடம்... கையெழுத்து வேணா போட்டுத் தாரேன்!"

"பால்பாண்டி! காகிதம்!"

ராஜபாண்டி அத்தனையும் எழுதினார். திரிஷாவும் மாரிசெல்வமும் சாட்சி போட்டார்கள்.

"சொல்லும்மா!" ராஜபாண்டி கதறினார். "என்ன மருந்து?"

மகாலட்சுமி அவரை வெகுநேரம் பார்த்தாள்.

"சக்கரை சார். ரெண்டு கரண்டி. உங்களுக்கு ஆகாதேன்னு தெரியும்... மன்னிச்சிருங்க."

வயிற்றைப் பிடித்த கை அப்படியே நின்றது. எரிச்சல் எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை!

மகாலட்சுமி தானாகவே கையை நீட்டினாள். ஜக்கம்மா விலங்கு பூட்டவில்லை. முழங்கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனார். சர்வர் அறையைத் தாண்டும்போது அவள் கால் தயங்கியது. பால் குடித்த குழந்தை நதியாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. உதட்டோரம் ஒரு துளிப் பால்.

பார்த்தாள். படி இறங்கினாள்.

கீழே இரண்டு ஜீப். இரண்டாவதின் கதவைப் பிடித்துக்கொண்டு ராஜபாண்டி முரண்டு பிடித்தார்.

"மேடம்! மெரட்டி வாங்குன வாக்குமூலம் செல்லாது! என்னைய எங்கன கொண்டு போறீக?"

ஜக்கம்மா அவர் தலையில் கை வைத்து அழுத்தி உள்ளே தள்ளினார்.

"பயப்படாதீக சார். ஃபைல் ஒண்ணும் தொலைஞ்சிராம பத்திரமான எடத்துக்கு மாத்துறோம். பாஸ்வேர்டு மட்டும் எங்ககிட்ட இருக்கும்!"